ஒரே எலும்புக்கு இரண்டு எழுத்து

அக்கா மகளின் இடுப்புக்கு டொக்டர் கொடுத்த முதல் எழுத்து B.

அதைக் கேட்டதும் அக்கா என் பக்கம் சாய்ந்து, "B நல்லதுதானே. நீ கணக்குக்கு எடுத்ததே B தானே" என்றாள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அது கடையில் பேசுகிற சிங்களம், பஸ்ஸில் சண்டை பிடிக்கிற சிங்களம். ஆஸ்பத்திரிச் சிங்களம் என்று வந்தால் அவளுக்கு வாய் கட்டிவிடும். அதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்து முடித்துவிட்டு, நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து, யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் றப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கத் தெரியாதவள் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இனி வரப்போவது.

மகளுக்கு எட்டரை வயது. தைப்பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் போகும்போதே நொண்ட ஆரம்பித்தாள். முழங்கால் வலிக்கிறது என்றாள். நாங்களும் முழங்காலைத்தான் பார்த்தோம். எண்ணெய் தடவினோம், பழைய சேலையைக் கிழித்துக் கட்டினோம், தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அக்கா அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போடுகிறாள் என்று ஏசினாள். மாதங்கள் கழித்துத்தான் ஒருவர் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நோய் இடுப்பில் இருந்தது. வலி மட்டும் இறங்கி வந்து முழங்காலில் உட்கார்ந்திருந்தது.

அதன்பிறகு மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்பு டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், மெல்லப் பேசுவார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எனக்கு வரைந்து காட்டினார். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பில் உள்ள கிண்ணத்துக்குள் அந்தப் பந்து சுழலும். சில பிள்ளைகளுக்கு அந்தப் பந்துக்கு இரத்தம் போவது நின்றுபோகிறது, ஏன் என்று தெரியாது. பந்து செத்து, நொறுங்கி, பிறகு சில வருடங்களில் தானாகவே மறுபடி வளரும். உருண்டையாக வளர்ந்தால் தப்பித்தாள். தட்டையாக வளர்ந்தால் ஆயுசுக்கும் நொண்டி.

எப்படி வளரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு வழி இருக்கிறது என்றார். பந்தை மூன்று தூண்களாகப் பிரித்துப் பார்ப்பார்கள். வெளிப்பக்கத் தூணின் உயரம்தான் கணக்கு. தூண் அப்படியே நின்றால் A. பாதிக்கு மேல் நின்றால் B. பாதிக்கும் கீழே இடிந்திருந்தால் C. A என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு B என்றால், தொடை எலும்பை வெட்டிச் சாய்த்துத் தகடு வைத்தால் பந்து கிண்ணத்துக்குள்ளேயே இருந்து உருண்டையாக வளர வாய்ப்பு அதிகம். C என்றால் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் பிள்ளையை வீணாக வெட்டுவதில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று தூண், மூன்று எழுத்து, எவ்வளவு சுத்தமான விஷயம். டொக்டர் கிளினிக் கொப்பியில் B என்று எழுதி வட்டம் போட்டு, ஒப்பரேஷனுக்குத் தேதியும் எழுதினார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "B எடுத்தவள எதுக்கு வெட்டணும்?"

"இது பரீட்சை இல்லக்கா."

"C எடுத்தா?"

"C எடுத்தா வெட்ட மாட்டாங்க."

"அப்ப C எடுத்திருக்கலாம். C யும் பாஸ்தானே, திறமைச் சித்தி. மூணு C எடுத்துத்தானே பக்கத்து லயத்துப் புள்ள உயர்தரம் போனிச்சு."

பஸ்ஸில் யட்டியாந்தோட்டை வரும்வரை விளக்கினேன். C என்றால் மோசம், இடிந்துபோன தூண், வெட்டாதது இரக்கத்தால் அல்ல என்று. அவளும் தலையாட்டினாள். ஆனால் அவளுக்குள் நின்றது ஒன்றே ஒன்றுதான்: B என்றால் கத்தி, C என்றால் கத்தி இல்லை.

படம் எங்கள் வீட்டில் இருந்தது. ஒப்பரேஷனுக்கு முன் ஒருமுறை டொக்டரிடம் காட்ட வேண்டும், அதுவரை மூன்று வாரம். அதை ஜன்னலில் ஒட்டி, மகளின் கணிதப் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து நானும் அளந்தேன். நல்ல இடுப்பின் தூண் எவ்வளவு, நோய்ப்பட்டதன் தூண் எவ்வளவு. பாதிக்கு மேல் வந்தது. B சரி என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் காலையில் மறுபடி அளந்தேன். பாதிக்குக் கீழே வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தேன். பாதிக்குச் சரியாக வந்தது.

கோளாறு அடிமட்டத்தில் இல்லை. எலும்பு எங்கே முடிகிறது என்பதே அந்தப் படத்தில் தெரியவில்லை. நொறுங்கின எலும்பின் ஓரம் மங்கலாக, இங்கேயும் சொல்லலாம் அங்கேயும் சொல்லலாம் என்பதுபோல் இருந்தது. எனக்குப் பயிற்சி இல்லை, அதனால் தெரியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டொக்டருக்குத் தெரியும். அவர் எத்தனை ஆயிரம் படம் பார்த்திருப்பார்.

இருந்தாலும் மனசு அடங்கவில்லை. வெட்டப்போவது ஒரு பிள்ளையின் தொடை எலும்பை. அவர் வாயால் இன்னொரு தடவை B என்று கேட்டுவிட்டால் போதும், நான் தூங்கிவிடுவேன். ஆனால் கொப்பியைக் கொடுத்தால் அவர் கொப்பியைப் பார்த்துத்தானே சொல்வார். அதனால் அன்று கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை என் கைப்பையின் அடியில், குடைக்குக் கீழே வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

"பொத்த கோ?" என்று கேட்டாள் நேர்ஸ்.

கொப்பி வீட்டில், மறந்துவிட்டேன் என்றேன் சிங்களத்தில். இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு இதுகூட ஞாபகம் இல்லையா என்று அவள் ஏச, அக்கா என்னை முறைத்தாள். வெளியே போட்டிருந்த வாங்கில்களில் உட்கார இடமில்லாமல் சனம். டொக்டர் பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு, படத்தை வாங்கி வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு எட்ட நின்று பார்த்தார். மகளின் வயதைக் கேட்டார்.

"C" என்றார்.

வெட்டிப் பிரயோசனம் இல்லை, ஃபிசியோவுக்கு எழுதித் தருகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

நான் மொழிபெயர்க்கவே இல்லை. அக்காவுக்கு அந்த ஒற்றை எழுத்துப் போதுமாக இருந்தது. அவள் முகம் விரிந்துவிட்டது. மகளின் தலையைத் தடவி, "டொக்டர் சேரக் கும்புடு" என்றாள். மகளும் கும்பிட்டாள்.  அதே படம். அதே பெட்டி. அதே மனிதர். நடுவில் மூன்று வாரம்.

குடையை வெளியே எடுத்துவைத்து, கொப்பியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். 

அவர் வட்டத்துக்குள் இருந்த B யைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி B யைப் பார்த்தார். "இது என்னுடைய எழுத்து" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து, தங்கையைக் கேட்பதுபோல, "நங்கி, கொப்பியை ஒளித்து வைத்திருந்தாயா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன். நேர்ஸ் வாயைத் திறந்தாள், ஆஸ்பத்திரி விளையாடுகிற இடமா என்று. அவர் அவளைக் கையமர்த்தினார். அவர் கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் இருந்தது. என்னைப்போலவே.

அவர் மருந்து எழுதுகிற துண்டுகளில் இரண்டைக் கிழித்தார். பக்கத்து அறைகளிலிருந்து இரண்டு டொக்டர்களைக் கூப்பிட்டார். ஒருவர் கண்ணாடி போட்ட, குள்ளமான பெண். மற்றவர் உயரமான ஆண். பேசாமல் பாருங்கள், எழுத்தை எழுதி மடித்துக் கொடுங்கள் என்றார். பெண் சீக்கிரம் எழுதிவிட்டார். மற்றவர் நேரம் எடுத்தார். துண்டுகளைப் பிரித்தபோது ஒன்றில் B, ஒன்றில் C.

டொக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சிங்களத்தில் சொன்ன முதல் வாக்கியம், "மட்ட ஷுவர் நே."

அதுவரை நான் அக்காவுக்குச் சொன்னதெல்லாம் கொஞ்சம் துடைத்துப் பளபளப்பாக்கியதுதான். அவர் 'இருக்கலாம்' என்றால் நான் 'சரியாயிரும்' என்பேன். 'பார்ப்போம்' என்றால் 'நல்லாப் பார்த்துக்குவாராம்' என்பேன். இந்த வாக்கியத்தை எப்படித் துடைப்பது என்று தெரியவில்லை.

"அவருக்கு நிச்சயமாத் தெரியலையாம்க்கா."

"எது தெரியலையாம்?"

"B யா C யான்னு."

"இப்பத்தானே C ன்னாரு."

"போன தடவை அவரேதான் B ன்னாரு."

அக்கா கொப்பியைப் பார்த்தாள், என் கைப்பையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு நான் செய்தது புரிந்தது. டொக்டர் சொன்ன மிச்சத்தை எப்படியோ சொல்லி முடித்தேன்: ஒப்பரேஷன் தேதியை எடுத்துவிடுவார். பிள்ளையை இரண்டு வாரம் வார்டில் படுக்கவைத்து, காலுக்குப் பாரம் கட்டி இழுப்பார். இறுகிப்போன இடுப்பு இளகியதும் புதுப்படம் எடுத்து, மூன்று பேரும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். எழுத்தோடு கால் எவ்வளவு விரிகிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவு.

 பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ டொக்டருக்கு டெஸ்ட் வச்சியா? எம்புள்ளய வச்சா டெஸ்ட் வச்ச?"

"டெஸ்ட் இல்லக்கா. இன்னொருக்கா கேட்டுக்கலாம்னுதான்."

"கேட்டுட்டல்ல. நல்லா கேட்டுட்ட. முன்னாடி ஒரு தேதியாச்சும் இருந்திச்சு. இப்ப வெட்டுறதும் இல்ல, வெட்டாததும் இல்ல."

 அவள் சொன்னது முழுக்கச் சரி.

அன்று பின்னேரமே போனில் தேடினேன். சிக்னலுக்காக, மேல்கணக்கு என்கிற தோட்டப் பிரிவுக்குப் போகும் பாதையில் ஏறி, கல் மேல் உட்கார்ந்து படித்தேன். நான் என்னவோ பெரிய இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். இரகசியமே இல்லை. இப்படிப்பட்ட படங்களைப் பல டொக்டர்மார் பார்த்து எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சோதிப்பதே ஒரு துறைபோல் நடந்திருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்களாம், ஆனால் எல்லா நேரமும் இல்லை. ஒரே ஆள் சில வாரம் கழித்து அதே படத்துக்கு வேறு எழுத்துக் கொடுப்பதும் உண்டாம். B க்கும் C க்கும் நடுவிலே எல்லை என்று தனியாக ஒரு வகையையே சேர்த்திருக்கிறார்கள். எல்லாரும் அறிந்த விஷயம். வாங்கிலில் காத்திருக்கிற அம்மாக்களைத் தவிர எல்லாரும். எனக்கு அதுதான் அந்த C யைவிடப் பெரிய அடியாக இருந்தது.

அத்தான் அதிரவில்லை. அவர் தோட்டத்துப் புகைக்கூட்டில் வேலை. புகையில் காய்ந்த றப்பர் ஷீட்டை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அழுக்கு, குமிழ், கறுப்பு எல்லாம் பார்த்து, முதலாம் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து அடுக்குவதுதான் அவர் நாள் முழுக்கச் செய்வது.

"இதுக்கா முழிக்கிற" என்றார். "காலையில ஒண்ணுன்னு போட்ட ஷீட்ட பகலைக்குப் பார்த்தா ரெண்டுன்னு போடுவேன். பக்கத்துல நிக்கிறவன் மூணும்பான். வெளிச்சம் மாறும், கண்ணு களைச்சுப்போகும்."

"ஷீட்டும் எலும்பும் ஒண்ணா அத்தான்?"

"ஒண்ணுன்னு யாரு சொன்னா. ஷீட்ட தப்பா அடுக்கினா எடுத்து வேற கட்டுல வச்சிருவேன்."

சொல்லிவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். மகள் உள்ளே படுத்திருந்தாள். 

வார்டில் முதல் வாரம் அக்கா நின்றாள், இரண்டாம் வாரம் நான். மகளின் காலில் பட்டி சுற்றி, கயிறு கட்டி, கட்டில் விளிம்பில் பாரம் தொங்கியது. அவள் அதற்கு ஒரு பெயர் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சோறு ஊட்டும்போது கேட்டாள்.

"சித்தி, எனக்கு B யா C யா?"

"ரெண்டும் குடுத்திருக்காங்க."

"அது எப்படி? பேப்பர் திருத்தினது ரெண்டு மிஸ்ஸா?"

"ஒரே ஆளுதான் ரெண்டு தடவை திருத்தினாரு."

அவள் யோசித்தாள். "அப்ப கூடின மார்க்க போடச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில் அம்மா சிங்களத்தில் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் முடிந்து புதுப்படம் எடுத்தார்கள். அக்கா விடியற்காலை பஸ் ஏறி வந்திருந்தாள். டொக்டர் மகளைப் படுக்கவைத்து, காலை மெதுவாக வெளிப்பக்கம் விரித்துப் பார்த்தார். முன்பு கொஞ்சம் விரித்தாலே கத்துவாள். இப்போது நன்றாக விரிந்தது. அதில் அவருக்குச் சந்தோஷம், முகத்தில் தெரிந்தது. பிறகு மூன்று துண்டு. மூன்று பேரும் ஒருவர் துண்டை ஒருவர் பார்க்காமல் எழுதினார்கள். பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது. நான் வேண்டிக்கொண்டு நின்றேன், மூன்றும் ஒன்றாக வரட்டும், எதுவாக இருந்தாலும் ஒன்றாக வரட்டும் என்று.

B. B. C.

போன தடவை C எழுதிய உயரமானவர் இப்போது B. பெண் டொக்டர் போன தடவையும் B, இப்போதும் B. C எழுதியது எங்கள் டொக்டர். அவரே கையைத் தூக்கி, அது நான்தான் என்றார்.

 டொக்டர் தெளிவாகச் சொன்னது இதுதான்: எனக்கு அது C மாதிரித்தான் படுகிறது. மற்ற இரண்டு பேருக்கும் B. கால் நன்றாக விரிகிறது, வயது எட்டைத் தாண்டிவிட்டது. B யாக இருந்து வெட்டாமல் விட்டால் நஷ்டம் பெரிது. C யாக இருந்து வெட்டினால் பலன் இல்லாமல் போகலாம், ஆறு வாரம் பிளாஸ்டரில் கிடந்த கஷ்டம்தான் மிச்சம். வெட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். நீங்கள் சம்மதித்தால் நான் செய்கிறேன். இதை ஒரு சொல்லும் துடைக்காமல் அக்காவுக்குச் சொன்னேன்.

அக்கா கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேர்ஸ் பேனாவை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை.

"C ன்னு எழுதினவரா வெட்டப் போறாரு?"

"ஆமாக்கா. அவருதான் பெரிய டொக்டர்."

"வெட்டிப் பிரயோசனம் இல்லன்னு கண்ணுக்குப் படுறவரு எப்படி வெட்டுவாரு?" அவள் சத்தம் போடவில்லை. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் அவள். "கைக்கு நம்பிக்க இல்லாம பட்டையில கத்தி வச்சா ஆழமா எறங்கிரும். மரம் காயம் பட்டுப்போகும். B ன்னு எழுதினவங்க வெட்டட்டும்னு சொல்லு."

"அப்படியெல்லாம் கேக்க ஏலாதுக்கா."

"கொப்பிய ஒளிச்சு வைக்க ஏலும், இத கேக்க ஏலாதா?"

சொன்னேன். சிங்களத்தில், அவள் சொன்னபடியே. நேர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இப்போது ஏசுவார், வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பார் என்று காத்திருந்தேன்.

டொக்டர் தன் துண்டை எடுத்து, அதில் இருந்த C யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பெண் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது, நீ வெட்டு, நான் பக்கத்தில் நின்று காலைப் பிடிக்கிறேன் என்றார். அவரைவிட எத்தனையோ வயது குறைந்தவர் அந்தப் பெண். 

பெண் டொக்டருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, "பயமா அம்மா?" என்றார்.

"பயம்தாங்க. நீங்கதானே B எழுதினது?"

"ஆமா. நான் B."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"இப்ப பார்த்தாலும் B தானாங்க?"

கேட்காதே என்று அக்காவின் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் பெண் டொக்டர் எழுந்துவிட்டார். வெளிச்சப் பெட்டியின் விளக்கைப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல் நகத்தால் எலும்பின் வெளியோரத்தை மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பாதியில் விரல் நின்றது. எங்கள் டொக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"B" என்றார் திரும்பி.

அக்கா பேனாவுக்குக் கையை நீட்டினாள்.